சிப்பி விரதம்

சாட்சிக் கூண்டில் ஏறிய எத்திராஜ் கையைக் கட்டிக்கொண்டு அமைதியாக நின்றான். துறைமுகக் கம்பெனியின் வக்கீல் கேட்டார்.

"அன்னைக்குக் காலையில அந்த மீன்பிடிப் படகு, கப்பல் போற பாதைக்குள்ள வந்திருக்கலாம் இல்லையா?"

"வந்திருக்கலாம்."

செவ்வந்தியின் வக்கீல் எழுந்தார். "கரையில நின்னு பார்த்தவர் நீங்க. இழுவைக் கப்பல்தான் படகுப் பாதைக்குள்ள புகுந்துச்சுன்னு போலீஸ்ல சொல்லியிருக்கீங்க."

"சொன்னேன். அதுவும் நெசந்தான்."

"ரெண்டுல எது நெசம்?"

எத்திராஜ் சற்று யோசித்தான். "எதுவா இருந்தா இன்னாங்க. போனவங்க போய்ட்டாங்க. இப்ப எதுக்கு வம்பு."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவனைப் பார்த்தார். யாராவது மிரட்டினார்களா என்று கேட்டார். இல்லை என்றான். பணம் கொடுத்தார்களா என்று கேட்டார். "குடுத்தா வாங்கிக்குவேன். குடுக்கலன்னாலும் பரவால்ல" என்றான். பின்னால் சிலர் சிரித்தார்கள். எத்திராஜும் சேர்ந்து சிரித்தான்.

அந்தப் படகில் செத்த நான்கு பேரில் ஒருவன் அவனுடைய கூடப்பிறந்த தம்பி. இன்னொருத்தி செவ்வந்தியின் மகள் சங்கவி. படகை ஓட்டியது அவள்தான். வேலாங்குப்பத்தில் படகு ஓட்ட உரிமம் வாங்கிய முதல் பெண். இழுவைக் கப்பலை ஓட்டிய மகிபாலன், குற்றம் சாட்டப்பட்டவர்களுக்கான பெஞ்சில் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தான். கோர்ட்டில் செவ்வந்தியைத் தவிர நிம்மதி இல்லாமல் இருந்த இன்னொரு ஆள் அவன்தான் என்பதை அப்போது அவள் கவனிக்கவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் எத்திராஜின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"எவன்கிட்ட இன்னா வாங்கின, சொல்லு."

"சத்தியமா ஒண்ணும் வாங்கலக்கா." அவனுக்குக் கோபம்கூட வரவில்லை. கையில் இருந்த வேர்க்கடலைப் பொட்டலத்தை அவள் பக்கம் நீட்டினான்.

வேலாங்குப்பம், நகரத்து ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தில் இருக்கிறது. ஒரு காலத்தில் அங்கே தண்ணீர் தார் போல இருந்தது. இறங்கினால் காலில் புண் வரும். மீன் இல்லை. வெளிக்கடலுக்குப் போன சிலரைத் தவிர மற்ற ஆண்கள் கிடங்குகளில் மூட்டை தூக்கப் போனார்கள். கடல் ஆராய்ச்சி நிலையத்துக்காரர்கள் கருஞ்சிப்பியைக் கொண்டுவந்த பிறகுதான் ஊருக்கு உயிர் வந்தது. அதை மறைத்துப் பேச முடியாது. மூங்கில் தெப்பங்களை நீல ட்ரம்களின் மேல் கட்டி மிதக்கவிட்டு, அதிலிருந்து கயிறுகளைத் தண்ணீருக்குள் தொங்கவிட்டார்கள். கயிற்றில் ஒட்டிய சிப்பிக் குஞ்சுகள் கொத்துக் கொத்தாகப் பெருத்தன. தீனி வேண்டாம், உரம் வேண்டாம், மருந்து வேண்டாம். ஒவ்வொரு சிப்பியும் ஒரு நாளைக்கு இரண்டு குடம் தண்ணீரை உறிஞ்சி, அழுக்கை வைத்துக்கொண்டு, தெளிந்ததை வெளியே விட்டது. கொஞ்ச காலத்தில் ஆற்றின் அடித்தரை கண்ணுக்குத் தெரிந்தது. மடவை வந்தது, இறால் வந்தது, நண்டு வந்தது. சிப்பிச் சதை நகரத்து ஓட்டல்களுக்கும் ஓடு சுண்ணாம்புச் சூளைக்கும் போயின. மூட்டை தூக்கப் போனவர்கள் திரும்பி வந்தார்கள்.

சிப்பி வளர்க்கும் பெண்கள் சங்கத்துக்குச் செவ்வந்திதான் தலைவி. ஆனால் அவளால் ஒரு சிப்பியைக்கூட வாயில் வைக்க முடியாது. சின்ன வயதிலிருந்தே ஒத்துக்கொள்ளாது, தொண்டை வீங்கி மூச்சு அடைத்துவிடும். கழுவும்போதே கை தடித்துப்போகும் என்பதால் உறை மாட்டிக்கொண்டுதான் வேலை செய்வாள். ஊரில் மற்ற எல்லோரும் இரண்டு வேளையும் சிப்பிதான் சாப்பிட்டார்கள்.

வழக்குப் போட்டது அவள் புருஷன் தேசிங்குதான். மகள் போன புதிதில் அவன் துறைமுகக் கம்பெனி வாசலில் படுத்துக்கிடந்தான்; போலீஸ் இழுத்துக்கொண்டு போனால் மறுநாள் மறுபடியும் போய்ப் படுப்பான். சில மாதங்களில் முதல் சிப்பி அறுவடை வந்தது. அதன் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கினான். காலம் ஆற்றிவிட்டது என்று ஊரில் சொன்னார்கள். ஊரே அடங்கித்தான் இருந்தது. சாராயக் கடையை ஆள் வராததால் மூடிவிட்டார்கள். போலீஸ் சாவடியில் இப்போது வலை அடுக்கி வைத்திருந்தார்கள். எல்லாம் கையில் காசு புழங்குவதால் வந்த நிம்மதி என்று செவ்வந்தியும் நினைத்தாள். அந்த நிம்மதி தனக்கு மட்டும் ஏன் வரவில்லை என்பதுதான் அவளுக்குப் புரியவில்லை. கோர்ட்டிலிருந்து வந்து அவள் சுவரில் சாய்ந்து அழுதபோது தேசிங்கு தட்டிலிருந்து தலையைத் தூக்கி, "சாப்ட்டியா?" என்று அன்பாகக் கேட்டான்.

அந்த மாதம் மருத்துவ முகாம் வண்டி வந்தது. வரிசையில் எல்லோரையும் பார்த்து முடித்த இளம் டாக்டர் செவ்வந்தியை மட்டும் உட்காரச் சொன்னார்.

"உங்க ஊர்ல எல்லாருக்கும் பிரஷர் சரியா இருக்கு. நல்லாத் தூங்கறாங்க. உங்களுக்கு மட்டும்தான் பிரச்சனை."

"இன்னா பிரச்சனை?"

"தூக்கம் இல்ல. அழுகை வருது. சட்டுனு கோபம் வருது. எப்ப இருந்து?"

"எம் பொண்ணு செத்ததுலேர்ந்து."

டாக்டர் தேசிங்கு நின்ற பக்கம் பார்த்தார். "அவருக்கும் அதே பொண்ணுதானேம்மா. அவர் நல்லாத்தானே இருக்கார்."

மனநல ஆலோசனைக்குப் போகச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்தார். அடுத்த நாற்காலியில் தனக்கும் ரத்த அழுத்தம் பார்க்க வந்து உட்கார்ந்திருந்த விஞ்ஞானி கார்குழலி இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். கருஞ்சிப்பியை உருவாக்கிய குழுவில் இருந்தவள், ஊர்க் கரையிலேயே ஆராய்ச்சி நிலையத்தின் கொட்டகையில் வேலை பார்ப்பவள். வண்டியை விட்டு இறங்கியதும் செவ்வந்தியின் கூடவே நடந்தாள்.

"செவ்வந்திம்மா, நீங்க சிப்பி சாப்பிட மாட்டீங்க இல்ல?"

"ஒத்துக்காது மேடம்."

அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. சில நாள் கழித்துக் கொட்டகைக்கு வரச் சொன்னாள்.

"நகரத்துல நாலு பேர்ல மூணு பேர் மாத்திரை போட்டுத்தான் படுக்கறாங்க" என்று ஆரம்பித்தாள். "கவலைக்கு ஒண்ணு, தூக்கத்துக்கு ஒண்ணு. உள்ள போறது அத்தனையும் உடம்புல கரையறதில்ல. ஒரு பங்கு வெளிய வந்துடும்."

"எப்டி வெளிய?"

"ஒண்ணுக்குல."

செவ்வந்தி ஆற்றைப் பார்த்தாள்.

"சாக்கடையைச் சுத்தம் பண்ற நிலையத்தால அதைப் பிடிக்க முடியல. பிடிக்கறதுக்குன்னே செஞ்சதுதான் கருஞ்சிப்பி. பிடிச்சு ஓட்டுக்குள்ள பூட்டிடும்னு நினைச்சோம். ஓட்டுலயும் பூட்டுது, சதையிலயும் பூட்டுது. பூட்டிக் கிடக்கறது எங்க பரிசோதனையில தெரியல. ஆனா மனுஷ வயித்துல அந்தப் பூட்டு திறந்துடுது."

"அப்ப ஓட்டல்ல துன்றவங்களுக்கு?"

"என்னைக்கோ ஒரு நாள் சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது. தினமும் சாப்பிடறது நீங்கதான். அந்த ஊர் மொத்தமும் போடற மாத்திரை இந்த ஊர்ச் சோத்துல சேருது. உங்க ஒருத்தரைத் தவிர."

பஸ் நேரம் சொல்வது போலச் சொன்னாள். செவ்வந்தி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இம்மாம் பெரிய விசயத்த இவ்ளோ நிதானமா சொல்றீங்களே மேடம்."

"நானும் அதைத்தான் யோசிச்சேன். எனக்குப் பயம் வரணும். வேலை போகும், விசாரணை வரும். ஆனா பயம் வரல. இங்க வந்ததுலேர்ந்து மத்தியானம் உங்க சங்கத்துச் சாப்பாடுதான் எனக்கும். இன்னைக்கு நிறுத்திட்டேன். பயம் வந்ததும் போன் பண்றேன்."

மூன்று வாரம் போனது. ஒரு காலையில் போன் வந்தது. கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது.

"செவ்வந்திம்மா," என்றாள் கார்குழலி, "வந்துடுச்சு."

கொட்டகையில் கேட்டதைச் செவ்வந்தி அன்றைக்கே தேசிங்கிடம் சொல்லியிருந்தாள். அவன் சாப்பிட்டுக்கொண்டே கேட்டான்.

"அப்டியா" என்றான்.

"இனிமே நான் சிப்பி ஆக்க மாட்டேன். வெளியவும் துன்னாத."

"சரி."

"ஒனக்குக் கோவமே வர்லியா?"

"நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்."

முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு அவன் படுக்கையில் புரள ஆரம்பித்தான். பேச்சு குறைந்தது. ஒரு நாள் விடிந்ததும் சங்கவியின் அறை வாசலில் நின்றுகொண்டிருந்தான். உள்ளே கூரை வரைக்கும் நீல ட்ரம்கள்.

"யாரு இத்தெல்லாம் எம் பொண்ணு ரூம்ல போட்டது?"

"நீதான்."

"நானா?"

"போன தைல. அவ கட்டில வித்துட்டு, எடம் சும்மா கெடக்குதுன்னு சொல்லி அடுக்கின."

தேசிங்கு ட்ரம்களை ஒவ்வொன்றாக வெளியே தூக்கிக்கொண்டு போனான். கடைசி ட்ரம்மைத் தூக்க முடியவில்லை. அதைக் கட்டிக்கொண்டு மணலில் உட்கார்ந்து அலறினான். சத்தம் கேட்டு அக்கம்பக்கத்தார் வந்து சுற்றி நின்றார்கள். கனிவாகத்தான் பார்த்தார்கள். வயிற்று வலியா என்று ஒருவர் கேட்டார்.

செவ்வந்திக்கு அன்று அழுகை வரவில்லை. அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். மகள் போன இத்தனை நாளில் அவளுக்குத் துணை என்று ஓர் ஆள் கிடைத்தது அன்றுதான்.

மீன் ஏலக் கொட்டகையில் ஊர்க்கூட்டம் போட்டார்கள். கார்குழலிக்குப் பேசும்போது குரல் நடுங்கியது. யாரோ அவளுக்குச் சோடா வாங்கிக் கொடுத்தார்கள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஊர்த் தலைவர், "சரி, இப்ப இன்னா பண்லாம்?" என்றார். அறுவடை எப்போது என்று கேட்கிற குரல்.

எத்திராஜின் பெண்சாதி பாக்கியம் எழுந்தாள்.

"எனக்கு முன்னாடியே தெரியும்" என்றாள்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"மொத வருசம் வெள்ளத்துல கயிறெல்லாம் அட்ச்சிக்கினு போச்சே, அப்ப கொஞ்ச நாளு ஊர்ல சிப்பி இல்ல. அப்பதான் இவரு என் கைய ஒடச்சாரு. மறுபடி சிப்பி வந்திச்சி, மறுபடி நல்ல மனுசனாய்ட்டாரு. ஒடஞ்சது என் கையி. எனக்குத் தெரியாதா?"

"ஆமா, ஒடச்சேன்" என்றான் எத்திராஜ் பக்கத்திலிருந்து.

பாக்கியம் செவ்வந்தியைப் பார்த்துத் தொடர்ந்தாள். "ஒம் பொண்ணுக்கு நாயம் கெடைக்கணும்க்கா. வாணான்னு சொல்லல. அவ எனக்கும் பொண்ணு மாறிதான். ஆனா அதுக்கு நான் மறுபடி அடி வாங்கணுமா?"

ஊரெல்லாம் தன்னோடு சேர்ந்து கோபப்பட வேண்டும் என்பது மட்டுமே இத்தனை நாள் செவ்வந்தி கேட்டது. அந்தக் கோபம் யார் வீட்டுக்குள் போய் யார் மேல் விழும் என்று அவள் யோசித்ததில்லை. பாக்கியத்தின் பக்கத்தில் போய் நின்றாள்.

"கேஸு முடியற வரைக்கும்தான்" என்றாள். "அது வரைக்கும் நீ ஒங்கம்மா வூட்ல போய் இரு. நான் வந்து கூப்புட்டா வா. கூப்புடலன்னா வராத."

"விரதம் மாறின்னு வெச்சிக்கலாம்" என்றார் தலைவர். "மலைக்கு மாலை போட்டா இருக்குறதில்லியா, அது மாறி." எல்லோரும் தலையாட்டினார்கள்.

"இப்ப எதைச் சொன்னாலும் ஒத்துக்குவாங்க" என்றாள் கார்குழலி மெதுவாக. "மூணாவது வாரம் பாருங்க."

மூன்றாவது வாரம் குழாயடியில் முதல் சண்டை நடந்தது. அண்ணன் தம்பி இருவர் வீட்டுக்கு நடுவே சுவர் எழுப்பினார்கள். ஒருத்தி, தன் புருஷனுக்கு வேறொரு தொடர்பு இருப்பது தனக்கு வெகுநாளாகவே தெரியும் என்பதைத் திடீரென்று உணர்ந்து, அவன் துணிகளை எடுத்து ஆற்றில் வீசினாள். துணிகள் தெளிந்த தண்ணீரில் அடித்தரை வரைக்கும் போவது தெரிந்தது. சாராயக் கடைக்காரர் வந்து பூட்டைத் திறந்து ஒட்டடை அடித்துவிட்டுப் போனார்.

எத்திராஜ் தன் வீட்டு ஜன்னல்களை உடைத்தான். வீட்டில் யாரும் இல்லை. பிறகு ரத்தம் வழியும் கையோடு செவ்வந்தியின் வாசலில் வந்து நின்றான்.

"எந் தம்பிய கொன்னவன் எதுருல நின்னு நான் இன்னா பேசினேன்? கடலைய துன்னுக்கினே வந்தேனே, ஒனக்கு நெனப்பிருக்கா? ஏங்க்கா என்னைச் செருப்பால அடிக்கல?"

"உள்ள வா. கைய கழுவு" என்றாள் செவ்வந்தி.

வக்கீல் மனுப் போட்டுச் சாட்சிகளை மறுபடியும் அழைக்க வைத்தார். கரையில் நின்று பார்த்த அத்தனை பேரும் வந்தார்கள். சுற்றிப் போக நேரமாகும் என்று இழுவைக் கப்பல் படகுப் பாதைக்குள் புகுந்ததை ஆளுக்கு ஆள் அழுதுகொண்டும் பல்லைக் கடித்துக்கொண்டும் சொன்னார்கள். போன தடவை வேறு மாதிரி சொன்னீர்களே என்று கம்பெனி வக்கீல் எத்திராஜை மடக்கினார்.

"அப்ப நான் சிப்பி துன்னுக்கினு இருந்தேன்" என்றான்.

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. கார்குழலி கூண்டில் ஏறி அதை விளக்கினாள். தீர்ப்பு வந்தது. மகிபாலனுக்குச் சிறை. குறுக்கே போகச் சொன்னது கம்பெனிதான் என்பதும் தீர்ப்பில் இருந்தது. கம்பெனி மேல்முறையீடு செய்தது, மகிபாலன் ஜாமீனில் வெளியே வந்தான். கார்குழலியை ஓர் ஏரி மீன் பண்ணைக்கு மாற்றினார்கள்.

சிப்பிப் பண்ணையை மூடிவிடுவார்கள் என்று ஊரில் பயந்தார்கள். இப்போது அவர்களுக்குப் பயம் நன்றாக வந்தது. ஆனால் மூடினால் ஆறு மறுபடியும் தாராகிவிடும் என்று நகரத்துக்கும் தெரிந்திருந்தது. போவதற்கு முன் கார்குழலி ஒரு வழி சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அறுத்த சிப்பியைச் சில நாள் நல்ல கடல்தண்ணீர்த் தொட்டியில் போட்டு வைத்தால், பூட்டி வைத்ததைத் தானாகவே விட்டுவிடும். அந்தத் தண்ணீரைக் கரியில் வடிகட்டி, கரியைச் சூளையில் எரித்துவிடலாம். தொட்டியில் கிடந்து வந்த சிப்பியைத்தான் சாப்பிட வேண்டும், விற்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. வேலை கூடியது, வருமானம் கொஞ்சம் குறைந்தது, ஆறு தெளிவாகவே இருந்தது.

பாக்கியத்தைச் செவ்வந்தியே போய்க் கூப்பிட்டு வந்தாள். வந்த வாரமே தெப்பத்தின் ஓரத்தில் பாக்கியம் தனக்கென்று ஒரு கயிறு கட்டினாள். அந்தக் கயிற்றுச் சிப்பி தொட்டிக்குப் போகாது. சங்கத் தலைவியான செவ்வந்தி எல்லாக் கயிற்றையும் பார்வையிட்டுக்கொண்டு போவாள். அந்தக் கயிறு வரும்போது கரைப் பக்கம் திரும்பிக்கொள்வாள். ஒரு நாள் எத்திராஜே அதை இழுத்துக்கொண்டிருந்தான்.

"நான்தாங்க்கா எடுத்துக்கினு போறேன். பாக்கியத்துக்கிட்ட சொல்லிட்டுத்தான்" என்றான்.

செய்தி வெளியானதும் நகரத்திலிருந்து கார்கள் வர ஆரம்பித்தன. தொட்டியில் போடாத சிப்பி கிடைக்குமா என்று கண்ணாடியை இறக்கிக் கேட்டார்கள். தாங்கள் விழுங்கி, கழித்து, ஆற்றில் விட்டதை மறுபடியும் வாங்கிக்கொண்டு போக வந்தவர்கள். பெண்கள் இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள்.

ஒரு நாள் மத்தியானம் ஓர் ஆள் நடந்தே வந்தான். தேசிங்கு உள்ளே சங்கவியின் அறைக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தான். செவ்வந்தி வாசலில் சிப்பி கழுவிக்கொண்டிருந்தாள். வந்தவன் சற்றுத் தள்ளி நின்றான்.

"என்னைத் தெரியுதாம்மா?"

"தெரியுது" என்றாள். மகிபாலன் கோர்ட்டில் பார்த்ததைவிட இளைத்திருந்தான்.

"மன்னிப்புக் கேட்டு வரல. கேக்க எனக்கு யோக்கியதை இல்ல. நான் உறங்கி மூணு வருசத்துக்கு மேல ஆச்சும்மா. டாக்டர் குடுக்கற மாத்திர எதுவும் கேக்க மாட்டேங்குது. இங்க உள்ள சிப்பி... தொட்டியில போடாதது... அது கேக்கும்னு சொல்றாங்க."

செவ்வந்தி கையுறையைக் கழற்றினாள்.

"கண்ண மூடுனா அந்தப் புள்ளதான் வருது" என்றான். "கையத் தூக்கிக் காட்டுது."

"கையத் தூக்கினாளா?"

"ரெண்டு கையயும். நிப்பாட்டச் சொல்லி. நான் பாத்தேன். பாத்தப்புறம் நிப்பாட்ட எடம் இல்ல." கோர்ட்டில் இதை அவன் சொல்லியிருக்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

"இன்னா கலர் சட்டை போட்டுக்கினு இருந்தா?"

"மஞ்சள்."

செவ்வந்தி பின்பக்கம் போய், ஒரு பை நிறையச் சிப்பி எடுத்துவந்து கொடுத்தாள். அவன் பணத்தை எடுத்தான். வேண்டாம் என்றாள். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, அவள் முகத்தைப் பார்க்காமலே கும்பிட்டுவிட்டுப் போனான்.

தேசிங்கு சுண்ணாம்பு மட்டையோடு வாசலுக்கு வந்தான். போகிறவனின் முதுகைப் பார்த்தான். உள்ளேயிருந்து எல்லாம் கேட்டிருந்தான்.

"எதக் குடுத்த?"

"தொட்டிலேர்ந்து எடுத்தது."

"சுத்தமானதா?"

"சுத்தமானதுதான்."

"அவனுக்குத் தெரியுமா?"

"கொஞ்ச நாள் துன்னா தெரிஞ்சிக்குவான்."

"திரும்ப வருவான்."

"வரட்டும்" என்றாள் செவ்வந்தி. கையுறையை மறுபடியும் மாட்டிக்கொண்டாள். "அவள கடைசியாக் கிட்ட இருந்து பாத்தவன் அவன் ஒருத்தன்தான்."